இங்கிலாந்துப் புறநகரில் குடியேறுகிறீர்களா? முதல் மூன்று மாதத்துக்கான வழிகாட்டி

லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் வூஸ்டர் பார்க் என்று ஓர் ஊர். வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரம். இரண்டிரண்டாக ஒட்டி நிற்கும் வீடுகள், முன்னால் கொஞ்சம் புல், பின்னால் நீளமான தோட்டம். மாலை ஏழு மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. நானும் மனைவியும் மகளும் கோயம்புத்தூரிலிருந்து நேராக இங்கே வந்தோம். "அமைதியான ஏரியா, ஒரு பிரச்சினையும் இருக்காது" என்று எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள்.

அமைதி உண்மைதான். ஆனால் நம் ஊரில் எதிர்வீட்டு அக்காவும் வாட்ச்மேனும் மளிகைக்கடை அண்ணாச்சியும் சொல்லித்தரும் விஷயங்களை இங்கே யாரும் தாமாக வந்து சொல்வதில்லை. கேட்டால் பொறுமையாக உதவுவார்கள். கேட்கவில்லையென்றால், நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். தவறு நடந்தாலும் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள், கடிதம்தான் வரும். எங்களுக்கு முதல் மூன்று மாதத்தில் வந்த கடிதங்களையும் கட்டிய பணத்தையும் நினைத்து இதை எழுதுகிறேன். நீங்கள் அந்தப் பாடுபட வேண்டாம். இங்கிலாந்தில் எந்தப் புறநகருக்குப் போனாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. வீடு பிடிக்கும் முன் எந்தக் கவுன்சில் (உள்ளாட்சி அமைப்பு) என்று பாருங்கள்

ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். வூஸ்டர் பார்க் என்ற ஒரே பெயரில் இருக்கும் வீடுகளில் சில சட்டன் கவுன்சிலில், சில கிங்ஸ்டன் கவுன்சிலில், சில எப்சம் அண்ட் யூவெல் கவுன்சிலில் இருக்கின்றன. முதல் இரண்டும் லண்டனுக்குள், மூன்றாவது சர்ரே மாவட்டத்தில். எல்லா வீட்டுக்கும் முகவரியில் ஊர்ப் பெயர் ஒன்றுதான்.

இது ஏன் முக்கியம்? குப்பை எடுக்கும் நாள், வீட்டு வரி, பார்க்கிங் பர்மிட், பிள்ளையின் பள்ளி விண்ணப்பம் எல்லாமே கவுன்சிலைப் பொறுத்தவை. அரசு இணையதளத்தில் போஸ்ட்கோடைப் போட்டால் உங்கள் கவுன்சில் எது என்று உடனே காட்டும். வீடு பார்க்கப் போகும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

கார் வாங்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாக் கவுன்சில்களும் யூலெஸ் என்ற மாசுக் கட்டண வளையத்துக்குள் வந்துவிட்டன. பழைய வண்டியை ஓட்டினால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட். பொதுவாக பெட்ரோல் வண்டி யூரோ 4, டீசல் வண்டி யூரோ 6 தரத்தில் இருந்தால் கட்டணம் இல்லை. எப்சம் பக்கத்தில் குடியிருப்பவர் கடைக்குப் போக இரண்டு தெரு தாண்டினாலே வளையத்துக்குள் வந்துவிடக்கூடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய டீசல் காரை வாங்கிவிடாதீர்கள். லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் டிக்கெட் கட்டண மண்டலத்தையும் பாருங்கள். வூஸ்டர் பார்க் ஸ்டேஷன் நான்காம் மண்டலம், அடுத்த ஸ்டேஷனான ஸ்டோன்லீ ஐந்தாம் மண்டலம். தினமும் போய்வந்தால் ஆண்டுக்கணக்கில் நல்ல வித்தியாசம் வரும்.

2. கையில் எவ்வளவு பணம் வேண்டும்

வாடகை மாதம் 1,800 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். வீட்டைப் பிடித்துவைக்க ஏஜென்ட் வாங்கும் தொகை ஒரு வார வாடகைக்கு மேல் போகக்கூடாது. இந்த வாடகைக்கு அது 415 பவுண்ட். டெபாசிட் அதிகபட்சம் ஐந்து வார வாடகை, அதாவது சுமார் 2,077 பவுண்ட். இதோடு முதல் மாத வாடகை. முன்பு கட்டிய 415 இதில் கழிந்துவிடும் என்பதால், சாவி கைக்கு வரும்போது மொத்தம் சுமார் 3,877 பவுண்ட் போயிருக்கும். கணக்கு எளிது: மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி 52-ஆல் வகுத்தால் ஒரு வார வாடகை.

இதற்கு மேல் "ஆவணக் கட்டணம்", "சரிபார்ப்புக் கட்டணம்" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். 2019 ஜூன் முதல் இங்கிலாந்தில் அது சட்டப்படி தடை. புதிதாக வந்தவர்களுக்கு இங்கே கடன் வரலாறு இல்லை என்று சொல்லி ஆறு மாத வாடகையை முன்கூட்டியே வாங்குவது முன்பு வழக்கமாக இருந்தது. நாங்களும் அப்படித்தான் கட்டினோம். 2026 மே 1 முதல் போடும் ஒப்பந்தங்களில் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கச் சட்டம் இடம் தராது. அதற்குப் பதிலாக ஜாமீன்தாரர் கேட்கலாம். வேலை தரும் நிறுவனத்திடம் சம்பளம் குறிப்பிட்ட கடிதம் ஒன்றை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையான ஆவணங்கள்: பாஸ்போர்ட், வேலைக் கடிதம், இ-விசா கணக்கிலிருந்து எடுக்கும் ஷேர் கோட் (உங்கள் விசா உரிமையை வீட்டுக்காரர் சரிபார்க்க உதவும் குறியீடு). இந்த ஷேர் கோட் 90 நாள்தான் செல்லும். வீடு பார்க்கும் வாரத்தில் எடுங்கள். வாடகைக்கு என்று தேர்ந்தெடுத்து எடுக்க வேண்டும், வேலைக்கு எடுத்தது இங்கே உதவாது.

டெபாசிட் கட்டிய 30 நாளுக்குள் வீட்டுக்காரர் அதை அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் பதிவு செய்து, விவரத்தை உங்களுக்குத் தர வேண்டும். முப்பதாம் நாளை காலண்டரில் குறித்துவையுங்கள். வரவில்லையென்றால் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சில் கேட்டு விட்டுவிடாதீர்கள்.

3. சாவி வாங்கும் நாள்

சாமான்களை உள்ளே கொண்டுபோகும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலி வீட்டை மூலைமுடுக்கு விடாமல் வீடியோ எடுங்கள். கார்ப்பெட் கறை, சுவரில் ஆணி ஓட்டை, ஓவன் அடுப்பின் உட்புறம், ஜன்னல் ஓரத்துப் பூஞ்சை எல்லாம் வரட்டும். ஏஜென்ட் தரும் இன்வென்டரி அறிக்கையை (வீட்டின் பொருட்களும் நிலையும் பற்றிய பட்டியல்) வரிவரியாகப் படித்து, விட்டுப்போனதை எழுதி அவர்கள் சொன்ன கெடுவுக்குள் திருப்பி அனுப்புங்கள். பெரும்பாலும் ஏழு நாள் தருவார்கள். எங்கள் முதல் வீட்டில் படுக்கையறைக் கார்ப்பெட்டில் ஏற்கனவே இருந்த கறையை நான் குறிக்கவில்லை. காலி செய்தபோது 120 பவுண்ட் பிடித்தார்கள். கையில் படம் இல்லாமல் வாதாட எனக்கு வழியில்லை.

அதே நாளில் மின்சார மீட்டர், கேஸ் மீட்டர், இருந்தால் தண்ணீர் மீட்டர் மூன்றையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். கேஸ் மீட்டர் வெளிச்சுவரில் பெட்டிக்குள் இருக்கும், தண்ணீர் மீட்டர் நடைபாதையில் சின்ன மூடிக்குக் கீழே இருக்கும். சாவி தருபவரிடமே கேட்டுவிடுங்கள். வீட்டுக்குள் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் குழாய் எங்கே என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் சிங்க்குக்குக் கீழே இருக்கும். பனிக்காலத்தில் குழாய் வெடித்த பிறகு தேடக்கூடாது.

கேஸ் பாதுகாப்புச் சான்று (ஒரு வருடத்துக்குள் எடுத்தது), மின்இணைப்புச் சோதனை அறிக்கை (பொதுவாக ஐந்து வருடத்துக்குள் எடுத்தது), எரிசக்திச் சான்று மூன்றும் உங்களுக்கு வர வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம், பாய்லர் இருக்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, பட்டனை அழுத்தினால் ஒலிக்கிறதா என்று பாருங்கள். தாளிக்கும்போது அலாரம் அலறும். எரிச்சலில் பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள், சமையலறைக் கதவை மூடி ஜன்னலைத் திறந்து தாளியுங்கள்.

4. முதல் வாரத்திலேயே கவுன்சில் டாக்ஸ் (வீட்டு வரி)

பில் வந்த பிறகு கட்டலாம் என்று காத்திருந்ததுதான் நாங்கள் செய்த பெரிய தவறு. நாங்கள் ஜூலையில் குடிவந்தோம். நீங்கள் சொன்னால்தான் கவுன்சிலுக்கு நீங்கள் வந்தது தெரியும். நான் செப்டம்பர் கடைசியில் பதிவு செய்தேன். வரி ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வழக்கமாக வருட வரியைப் பத்துத் தவணையாகப் பிரித்து ஏப்ரல் முதல் ஜனவரி வரை வாங்குவார்கள். நான் தாமதித்ததால் ஜூலையிலிருந்து சேர்ந்த தொகை முழுவதும் மிச்சமிருந்த சில மாதங்களில் வந்து விழுந்தது. டி பேண்ட் (வீட்டு மதிப்பை வைத்துப் பிரிக்கும் வரி வகுப்புகளில் ஒன்று) வீட்டுக்கு எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் வரும். மூன்று பேர் குடும்பத்தில் அந்தக் குளிர்காலம் மிகவும் இறுக்கமாகப் போனது.

கவுன்சில் தளத்தில் "குடிவந்தேன்" என்ற படிவம் இருக்கும், நிரப்பப் பத்து நிமிடம் போதும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி டைரக்ட் டெபிட் போட்டுவிடுங்கள். பன்னிரண்டு தவணையாகப் பிரித்துத்தரச் சொல்லியும் கேட்கலாம். வீட்டில் ஒரே ஒரு பெரியவர்தான் என்றால் 25 சதவீதத் தள்ளுபடி உண்டு. முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு வரியே இல்லை. இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது.

ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் கடிதம் வரும், ஏழு நாள் தருவார்கள். அதற்குள் கட்டாவிட்டால் தவணை வசதி போய், வருடத்தின் மிச்சத் தொகை முழுவதையும் கேட்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சம்மனும் செலவும் சேரும். கட்ட முடியாத நிலை என்றால் முதல் கடிதம் வந்த அன்றே போன் செய்யுங்கள். பேசினால் இறங்கிவருகிறார்கள்.

இந்தப் பில்லுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. வங்கி, டிரைவிங் லைசென்ஸ், பள்ளி என்று எல்லா இடத்திலும் முகவரிச் சான்றாகக் கேட்பது இதைத்தான். சீக்கிரம் பதிந்தால் மற்ற வேலைகளும் சீக்கிரம் நகரும்.

5. மின்சாரம், கேஸ், தண்ணீர், இணையம்

முந்தைய குடித்தனக்காரர் வைத்திருந்த மின்சார நிறுவனமே உங்களுக்கும் தொடரும். அது யார் என்று ஏஜென்டிடம் கேட்டு, உங்கள் பெயரையும் முதல் நாள் ரீடிங்கையும் கொடுங்கள். இல்லையென்றால் அவர்கள் பயன்படுத்தியதும் உங்கள் தலையில் ஏறும். அப்புறம் நிதானமாக விலை ஒப்பிட்டு மாறலாம். காசு போட்டுப் பயன்படுத்தும் பிரீபெய்டு மீட்டர் இருந்தால், உள்ளே கிடக்கும் பழைய சாவியையோ கார்டையோ பயன்படுத்தாதீர்கள். முந்தையவரின் கடன் அதில் ஏறியிருக்கலாம். நிறுவனத்திடம் புதியது கேளுங்கள்.

தண்ணீரில் தேர்வு கிடையாது, ஏரியாவுக்கு ஒரு நிறுவனம். சில இடங்களில் குடிநீர் ஒரு நிறுவனம், கழிவுநீர் இன்னொரு நிறுவனம். இரண்டு பெயர் பில்லில் வந்தால் ஏமாற்று வேலையோ என்று பயப்பட வேண்டாம்.

இணைய இணைப்பைக் குடிபோகும் தேதி தெரிந்ததுமே பதிவு செய்யுங்கள், ஆள் வர இரண்டு வாரம்கூட ஆகலாம். 24 மாத ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டில் அவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று உறுதி இல்லையென்றால் மாதாமாதம் நீட்டிக்கும் திட்டம் எடுங்கள், கொஞ்சம் கூடுதல் விலையானாலும் சரி.

6. வாசலில் விழும் ஒவ்வொரு உறையையும் பிரியுங்கள்

"குடியிருப்பவருக்கு" என்று மட்டும் போட்டு வரும் உறைகளை விளம்பரம் என்று தூக்கிப்போடாதீர்கள். டிவி லைசென்ஸ் கடிதம் அப்படித்தான் வரும். எந்த சேனலானாலும் நேரலையாகப் பார்த்தாலோ, பிபிசி ஐபிளேயர் பார்த்தாலோ லைசென்ஸ் கட்டாயம். வருடத்துக்கு 175 முதல் 180 பவுண்ட் ஆகும். நெட்ஃபிளிக்ஸில் படம் மட்டும் பார்க்கிறோம் என்றால் தேவையில்லை, ஆனால் அதை அவர்கள் தளத்தில் அறிவியுங்கள். அறிவிக்காவிட்டால் கடிதத்தின் தொனி மாதாமாதம் கடுமையாகும்.

வாக்காளர் பதிவுக் கடிதமும் வரும். இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள், ஆகவே செல்லுபடியாகும் விசாவில் இங்கே வசிப்பவர்கள் பதிவுசெய்து ஓட்டும் போடலாம். நாடாளுமன்றத் தேர்தலும் இதில் அடக்கம். வெளிநாட்டவருக்கு எதற்கு என்று நான் அதை ஒதுக்கிவிட்டேன். பட்டியலில் பெயர் இருந்தால் கடன் மதிப்பெண்ணும் ஏறும் என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

முந்தைய குடித்தனக்காரர் பெயருக்கு வருபவற்றைப் பிரிக்காமல், "இந்த முகவரியில் இல்லை" என்று உறைமேல் ஆங்கிலத்தில் எழுதி சிவப்புத் தபால்பெட்டியில் போட்டுவிடுங்கள். விட்டுவிட்டால் கடன் வசூலிப்பவர்கள் உங்கள் வாசலுக்கு வரக்கூடும்.

7. குப்பை

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். தெருக்காரர்கள் உங்களைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வது உங்கள் 'பின்' (குப்பைத் தொட்டி) எப்படி இருக்கிறது என்பதைத்தான்.

எங்கள் தெருவில் உணவுக் கழிவு வாராவாரம், மறுசுழற்சியும் பொதுக் குப்பையும் ஒன்றுவிட்டு ஒரு வாரம். பின்களின் நிறம் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், நண்பர் வீட்டு வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். போஸ்ட்கோடைப் போட்டு காலண்டரை இறக்கி ஃபிரிட்ஜ்மேல் ஒட்டுங்கள். காலை ஆறு மணிக்குள் வாசலில் இருக்க வேண்டும் என்றார்கள், ஆகவே முந்தின இரவே வைத்துவிடுவோம். வங்கி விடுமுறையும் (பொது விடுமுறை) கிறிஸ்துமஸும் வரும் வாரங்களில் நாள் தள்ளிப்போகும்.

மூடி மூடாமல் நிரப்பினால் எடுக்கமாட்டார்கள், பக்கத்தில் வைத்த கூடுதல் பையையும் எடுக்கமாட்டார்கள். மறுசுழற்சிப் பின்னில் எண்ணெய்ப் பிசுக்குள்ள அட்டையோ, கறுப்புப் பையில் கட்டிய குப்பையோ போட்டால் ஒரு சீட்டை ஒட்டிவிட்டு அப்படியே விட்டுப்போவார்கள். அடுத்த முறை இரண்டு வாரம் கழித்து. கோடையில் எங்களுக்கு அது நடந்தது, அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை.

உணவுக் கழிவு டப்பாவில் கறிவேப்பிலை, முருங்கைக்காய்ச் சக்கை, எலும்பு, மிச்சச் சோறு எல்லாம் போடலாம். அதன் கைப்பிடியை முன்பக்கமாகத் தள்ளினால் மூடி பூட்டிக்கொள்ளும். இங்கே இரவில் நரிகள் வரும். பூட்டாத டப்பாவை உருட்டித் தெரு முழுக்க இறைத்துவிடும். பொரித்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குளிரில் உறைந்து குழாயை அடைக்கும்.

பழைய சோபா, மெத்தை போன்றவற்றுக்குக் கவுன்சிலிடம் பணம் கட்டி ஆளை வரச் சொல்லலாம். வேனில் வந்து மலிவாக எடுத்துப்போகிறேன் என்பவரிடம் கழிவு எடுக்கும் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் எங்காவது கொட்டிவிட்டுப் போனால் அபராதம் உங்களுக்கும் வரலாம்.

8. மருத்துவரும் பள்ளியும்

உடம்பு நன்றாக இருக்கும்போதே ஜிபி (குடும்ப மருத்துவர்) கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். இலவசம்தான், விசாவோடு சுகாதாரக் கட்டணம் ஏற்கனவே கட்டியிருப்பீர்கள். முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் பதிவு செய்ய உரிமை உண்டு. வரவேற்பில் கேட்டால், இன்னும் கிடைக்கவில்லை என்று பணிவாகச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட், 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 111, உயிர் ஆபத்துக்கு 999.

பள்ளிக்கு, ஆண்டின் நடுவில் வருபவர்கள் கவுன்சில் தளத்தில் உள்ள வழியில் விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்துப் பள்ளியில் இடம் இருக்கும் என்ற உறுதி இல்லை. தூரத்தை மீட்டர் கணக்கில் பார்ப்பார்கள். கையெழுத்துப் போடும் முன்பே பள்ளிக்குப் போன் செய்து மகளின் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தால், நாங்கள் இரண்டு பஸ் மாறி அழைத்துப்போயிருக்க வேண்டாம். செப்டம்பரில் முதன்முதலாகச் சேரும் பிள்ளைகளுக்கான கடைசி நாள்: ஆரம்பப் பள்ளிக்கு ஜனவரி 15, உயர்நிலைப் பள்ளிக்கு முந்தைய அக்டோபர் 31.

9. தெருவில் வண்டி நிறுத்தும் முன்

பிறர் வீட்டு வாசலுக்கு நேராக நடைபாதை தாழ்ந்திருக்கும் இடத்தில் நிறுத்தவே கூடாது, ஐந்து நிமிடம்கூட. ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருக்களில் பகலில் ஓரிரு மணி நேரம் மட்டும் பர்மிட் கட்டாயமாக இருக்கும், கம்பத்தில் உள்ள பலகையைப் படியுங்கள். விருந்தாளி வந்தால் அவர்களுக்கும் விசிட்டர் பர்மிட் வாங்க வேண்டும். கவுன்சிலின் அபராதச் சீட்டு வந்தால் 14 நாளுக்குள் பாதித் தொகை கட்டினால் போதும். நியாயமில்லை என்று தோன்றினால் கட்டாமல் அந்த 14 நாளுக்குள் எழுதிக் கேளுங்கள்.

10. ஈரம், சத்தம், பக்கத்து வீடு

நம் சமையலில் ஆவி அதிகம். குளிரில் ஜன்னல் திறக்காமல், துணியையும் உள்ளே காயப்போட்டால் இரண்டே மாதத்தில் சுவரில் கறுப்புப் பூஞ்சை வரும். பானையை மூடிச் சமையுங்கள், ஃபேனைப் போடுங்கள், தினமும் கால் மணி நேரம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அப்படியும் வந்தால் படத்தோடு ஏஜென்டுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இரவு 11 முதல் காலை 7 வரை சத்தம் கூடாது. அந்த நேரத்தில் மிக்சியும் வேண்டாம், ஒட்டிய வீட்டில் சுவர் வழியாகக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும், கிறிஸ்துமஸ் அன்று ரயிலும் பஸ்ஸும் இல்லை. அரிசி, முருங்கைக்காய்க்கு நியூ மால்டன் அல்லது டூட்டிங் போய்விட்டு வந்தால் ஒரு மாதத்துக்குப் போதும்.

முதல் வாரத்திலேயே இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி, பெயரைச் சொல்லி, எந்த வீடு என்று சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டு நிமிடம் போதும், உள்ளே கூப்பிடவில்லை என்று வருந்த வேண்டாம். நீங்கள் இல்லாதபோது பார்சலை வாங்கி வைப்பவர்கள் அவர்கள்தான்.

தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கலாம். சாதாரண நாட்களில் இரவு 11 மணி வரைதான், தீபாவளி இரவு 1 மணி வரை சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் தெருவில் வெடிப்பது குற்றம், சொந்தத் தோட்டத்தில்தான் வெடிக்க வேண்டும். ஒரு வாரம் முன்பே சின்னச் சீட்டில் தேதியும் நேரமும் எழுதி இரு பக்கமும் எதிரிலும் போட்டுவிடுங்கள், நிறைய வீடுகளில் நாய் இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டம்மா சீட்டைப் பார்த்ததும் நாயை மகள் வீட்டில் விட்டுவிட்டு, அன்று மாலை கோட்டும் தொப்பியுமாக எங்கள் தோட்டத்துக்கு வந்து ஒரு கம்பி மத்தாப்பு கொளுத்தினார்.